ஆளில்லாத வீடும் ஒரு கிறிஸ்தவ த்ரில்லரும்... 'லெஃப்ட் பிஹைண்ட்' படித்துவிட்டீர்களா?

நள்ளிரவு. சிகாகோவிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய 747 ஜம்போ விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பயணிகள் தூங்குகிறார்கள். ஒரு மூதாட்டி கண்விழித்துப் பார்த்தால், பக்கத்து இருக்கையில் இருந்த கணவரைக் காணோம். பாத்ரூம் போயிருப்பார் என்று பார்த்தால், அவர் போட்டிருந்த உடுப்பு மொத்தமும் இருக்கையிலேயே கிடக்கிறது. அவர் மட்டும் இல்லை, விமானம் முழுக்கப் பல டஜன் பேரைக் காணோம். கதவு திறக்கவில்லை, எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கண்ணாடி, நகை, காலணி எல்லாம் அப்படியே இருக்க, ஆட்கள் மட்டும் மாயம்!

இப்படி ஆரம்பிக்கிற ஒரு நாவலைக் கீழே வைக்க முடியுமா? எனக்கு முடியவில்லை. முதல் நூறு பக்கத்தை ஒரே மூச்சில் படித்தேன். 1995-ல் அமெரிக்காவில் வெளியான 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல்தான் இந்த வாரம் நாம் பேசப்போகும் புத்தகம். எழுதியவர்கள் இரண்டு பேர். டிம் லாஹே ஒரு பாஸ்டர். கதைக்கான பைபிள் விளக்கமும் வரைபடமும் அவருடையது. ஜெர்ரி பி. ஜென்கின்ஸ் தொழில்முறை எழுத்தாளர். பக்கம் பக்கமாக எழுதியது அவர்.

ஒரு விமானப் பயணத்தில், கல்யாணமான பைலட் ஒருவர் பணிப்பெண்ணிடம் வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் இந்தக் கதை தோன்றியதாக லாஹே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பொறியிலிருந்து மொத்தம் 16 நாவல்கள் வந்தன. தொடர் முழுக்கச் சேர்த்து 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. சிறுவர்களுக்கென்று தனியாக 40 குட்டிப் புத்தகங்கள் வேறு. 2000-ல் ஒரு படம், 2014-ல் நிக்கோலஸ் கேஜ் நடித்து இன்னொரு படம்.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கலவையிலிருந்து ஆற்காடு வழியாக வேலூருக்கோ, அங்கிருந்து ஆம்பூருக்கோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று சுவரில் எழுதியிருப்பதை எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைதான் இந்த நாவலின் கரு.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயேசு மறுபடியும் வருவார் என்பது எல்லா கிறிஸ்தவ சபைகளுக்கும் பொதுவான நம்பிக்கை. ஆனால், சில சபைகள் அந்த வருகை இரண்டு கட்டமாக நடக்கும் என்கின்றன. முதலில், உண்மையான விசுவாசிகள் எல்லாரும் ஒரே நொடியில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள். இதை 'இரகசிய வருகை' என்பார்கள். மிச்சம் இருப்பவர்கள், ஏழு வருட உபத்திரவ காலத்தில் அந்திக்கிறிஸ்து என்ற கொடுங்கோலனிடம் மாட்டிக்கொள்வார்கள். அது முடிந்த பிறகு இயேசு எல்லாரும் பார்க்கும்படி வருவார். 'கைவிடப்படுதல்' என்ற சொல்லைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நாவலின் தலைப்புக்கும் அதுதான் அர்த்தம்.

உலகத்தின் கடைசி நாள் கதை ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஆம்பூர், வாணியம்பாடியில் உங்கள் முஸ்லிம் நண்பர்களைக் கேட்டால், கியாமத் நாளுக்கு முன்னால் தஜ்ஜால் வருவான், ஈஸா நபி இறங்கி வருவார் என்று சொல்வார்கள். கலியுக முடிவில் வெள்ளைக் குதிரையில் கல்கி வருவார் என்று நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, இந்த நாவல் யாருக்கும் முற்றிலும் புதிய உலகம் இல்லை.

கதை எங்கே ஜெயிக்கிறது?

அந்த விமானத்தின் பைலட் ரேஃபோர்ட் ஸ்டீல்தான் கதாநாயகன். மனைவி ஐரீன் சில காலமாக பைபிள், ஜெபம், சர்ச் என்று தீவிரமாக இறங்கிவிட்டார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. மனம் விமானப் பணிப்பெண் ஹாட்டி பக்கம் போகிறது. தப்பு எதுவும் நடந்துவிடவில்லை, ஆனால் நடக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அந்த நேரத்தில்தான் பயணிகள் காணாமல் போகிறார்கள்.

விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சிகாகோவில் இறக்குகிறார். ஊரே அல்லோலகல்லோலம். எப்படியோ வீட்டுக்குப் போய்ச் சேர்கிறார். நாவலின் மிகச் சிறந்த பகுதி இதுதான். படுக்கையறைக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. போனால் தெரிந்துவிடுமே! கடைசியில் போய்ப் பார்க்கிறார். மனைவியின் இரவு உடை படுக்கையில் கிடக்கிறது. மகனின் அறையிலும் அப்படியே. மனைவி சொன்னதெல்லாம் உண்மை என்று அந்த நொடியில் அவருக்குப் புரிகிறது. சண்டை போடவோ மன்னிப்பு கேட்கவோ எதிரே ஆள் இல்லை. கலிஃபோர்னியாவில் படிக்கும் மகள் க்ளோயி என்ன ஆனாள் என்ற தவிப்பு வேறு.

இங்கே பேய் இல்லை, துப்பாக்கி இல்லை. ஓர் ஆண், ஒரு வெற்று வீடு, ஒரு குற்றவுணர்ச்சி, அவ்வளவுதான். ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது. மதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படித்தாலும், வீட்டில் இருக்கும்போது மனைவியின் பேச்சைக் காதில் வாங்காத எந்தக் கணவருக்கும் இந்த அத்தியாயம் சுருக்கென்று குத்தும்.

இன்னொரு பாத்திரம் ப்ரூஸ் பார்ன்ஸ். ஐரீன் போய்வந்த சர்ச்சின் உதவி பாஸ்டர். சபையில் கிட்டத்தட்ட எல்லாரும் போய்விட, இவர் மட்டும் மிச்சம்! ஊருக்கெல்லாம் பைபிள் சொல்லிக்கொடுத்தவர், உள்ளுக்குள் எதையும் நம்பாமல் வாழ்ந்திருக்கிறார். மனைவி, குழந்தைகள் எல்லாரும் மறைந்துவிட்டார்கள். ரேஃபோர்டிடம் அவர் தன்னைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லும் இடம், மத நாவலில் நான் எதிர்பார்க்காத ஒன்று. 'எங்கள் ஆட்கள் எல்லாரும் நல்லவர்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். சர்ச்சுக்குள்ளேயே இப்படி ஒருவரை நிறுத்தியதற்காக எழுத்தாளர்களைப் பாராட்ட வேண்டும்.

எங்கே தோற்கிறது?

1990-களில் சன் டி.வி-யில் வந்த 'விடாது கருப்பு' தொடரை உங்கள் வீட்டில் யாராவது மறந்திருப்பார்களா? இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். கருப்புசாமிதான் தண்டிக்கிறாரா, சாமி பெயரில் மனுஷன் செய்கிறானா என்ற கேள்வி வாராவாரம் நம்மை டி.வி முன்னால் கட்டிப்போட்டது. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் அந்தக் கேள்வி ஒன்றுதான். விடை இரண்டு பக்கமும் சாயலாம் என்பதால் இரண்டு பேருமே நகத்தைக் கடித்தோம்.

'லெஃப்ட் பிஹைண்ட்' நாவலில் அந்த வசதி இல்லை. ஆட்கள் எங்கே போனார்கள் என்று பாத்திரங்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு, வேற்றுக்கிரகவாசி என்று டி.வி-யில் விதவிதமாக விளக்கம் சொல்கிறார்கள். ஆனால், புத்தகத்தைக் கையில் எடுத்த வாசகருக்கு விடை முன்பே தெரியும். அட்டைக் குறிப்பே சொல்லிவிடுகிறது! காணாமல் போன பாஸ்டர், இப்படி நடக்கும் என்று தெரிந்தே ஒரு வீடியோ டேப்பில் விளக்கம் பதிவுசெய்து வைத்திருக்கிறார். அதைப் போட்டுப் பார்த்ததும் மிச்சமிருந்த மர்மமும் தீர்ந்தது.

விடை தெரிந்த கதையிலும் சஸ்பென்ஸ் வைக்கலாம். இந்த மனிதர் என்ன முடிவெடுப்பார் என்ற கேள்வி போதும். வெற்று வீட்டில் ரேஃபோர்ட் நிற்கும்போது நம்மை இழுத்தது அதுதான். ஆனால், பாதிக்கு மேல் நாவல் ஆட்களை விட்டுவிட்டு அட்டவணையைப் பிடித்துக்கொள்கிறது. வார இதழ் நிருபர் பக் வில்லியம்ஸ் மூலமாக ஐ.நா சபை, பெரும் பணக்காரர்களின் சதி, ருமேனியாவிலிருந்து வரும் நிக்கோலே கார்பாத்தியா என்ற வசீகரமான அரசியல்வாதி என்று கதை உலக அரசியலுக்குப் போகிறது. கார்பாத்தியா யார் என்பதும் வாசகருக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். பிறகு, வெளிப்படுத்தின விசேஷத்தில் அடுத்து என்ன வரவேண்டுமோ அது வரிசையாக வருகிறது. பத்திரிகைக்காரர் என்ற முறையில் பக் வில்லியம்ஸ் மீது எனக்கு ஆர்வம் இருந்தது. ஆனால், அவர் விசாரித்துக் கண்டுபிடிப்பதைவிட அவரிடம் மற்றவர்கள் சொல்வதுதான் அதிகம்.

இன்னொரு பெரிய குறை, துக்கம். கோடிக்கணக்கான குழந்தைகள் மறைந்த உலகம் இது. கர்ப்பத்தில் இருக்கும் சிசுக்கள்கூடப் போய்விடுகின்றன. ஒரு தெருவில் ஒரு குழந்தை காணாமல் போனால் அந்தத் தெரு என்ன பாடுபடும்? இங்கே உலகம் முழுக்கத் தாய்மார்கள் வெறும் தொட்டிலைப் பார்த்து நிற்க வேண்டும். நாவலில் சில நாளிலேயே விமானங்கள் ஓடுகின்றன, மாநாடுகள் கூடுகின்றன, ஆட்கள் ரெஸ்டாரன்ட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நம்மை மிரட்டத் தெரிந்த நாவலுக்கு அழ வைக்கத் தெரியவில்லை.

பாஸ்டரம்மா இருக்காங்களா?

இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது ஒரு தோழி மூலமாக. ஆம்பூர் பக்கம் வளர்ந்தவள். அவளுடைய அம்மா ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்த்தவர். எங்கள் தோல் பெல்ட்டில் இது சாதாரணம். காலையில் கம்பெனி பஸ் ஏறும் அம்மாக்கள், ஆர்டர் நெருக்கடி இருந்தால் ஓ.டி முடித்து இருட்டிய பிறகுதான் இறங்குவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கும். சாவி பக்கத்து வீட்டில்.

தோழி மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இரகசிய வருகை பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வரும்போது அம்மா இருக்க மாட்டாள், அப்பா இருக்க மாட்டார் என்று மைக்கில் சொன்னார்களாம். அதற்குப் பிறகு, அம்மாவுக்கு ஓ.டி இருக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்கு மரண பயம்.

"நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? நேரா பாஸ்டரம்மா வீட்டுத் தெருவுக்கு ஓடுவேன். அவங்க வாசல்ல உக்காந்து அரிசி பொடைச்சிட்டு இருந்தாங்கன்னா எனக்கு உயிர் வரும். எங்கம்மாவுக்கு முன்னாடி அவங்கதானே போவாங்க! அவங்க இங்க இருக்காங்கன்னா வருகை இன்னும் வரலைன்னு கணக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை பயந்தது நரகத்துக்கோ அந்திக்கிறிஸ்துவுக்கோ இல்லை. அம்மா தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்பதற்குத்தான்.

இப்போது அவளுக்கு ஆறு வயதில் மகன் இருக்கிறான். சில மாதங்களுக்கு முன்பு, ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த இரவில், "அம்மா, நீ காணாமப் போயிடுவியா?" என்று கேட்டிருக்கிறான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகுதான் இந்த நாவலைத் தேடிப் பிடித்துப் படித்தாள்.

படித்தவளுக்கு ஓர் ஆச்சர்யம். நாவலின் கணக்குப்படி சின்னப் பிள்ளைகள் யாரும் கைவிடப்படுவதில்லை! கைக்குழந்தைகள், சிறு பிள்ளைகள் எல்லாரும் முதல் நொடியிலேயே எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள். வெற்று வீட்டுக்கு வந்து நிற்பது பெரியவர்கள்தான். "அப்படிப் பார்த்தா பாஸ்டரம்மாவுக்கு முன்னாடியே நான் போயிருப்பேன்டி! இதை ஏன் அன்னைக்கு யாருமே எனக்குச் சொல்லலை?" என்றாள். அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது.

இந்தக் கேள்விதான் நாவலைப் பற்றிய என் கருத்தையும் தீர்மானித்தது. ரேஃபோர்டைப் போன்ற, வீட்டில் இருப்பவர்களை மதிக்காத, தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுத்த பெரியவரை உலுக்க எழுதப்பட்ட பயம் இது. அவருக்கு அதைச் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே பயத்தை, சாயங்காலம் பூட்டிய வீட்டின் முன்னால் பையோடு நிற்கும் பிள்ளைக்குச் சொன்னால், அது விசுவாசத்தை வளர்க்காது. அம்மா மேல் இருக்கும் நம்பிக்கையை ஆட்டிவிடும்.

எல்லா சபைகளும் இதைச் சொல்கின்றனவா?

இல்லை. இரண்டு கட்ட வருகை என்ற விளக்கம் 19-ம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரதரன் சபைப் போதகர் மூலமாகப் பிரபலமானது. 1909-ல் அமெரிக்காவில் வெளியான ஸ்கோஃபீல்ட் விளக்கவுரை பைபிள் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில்தான் இது அழுத்தமாகப் போதிக்கப்படுகிறது.

எங்கள் பக்கத்துப் பழைய சபைகளில் கதை வேறு. வேலூர் சி.எம்.சி-யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பம் வளர்த்த ஆற்காடு மிஷன் சபைகள், பின்னாளில் சி.எஸ்.ஐ-யில் சேர்ந்தன. ஆம்பூர் பக்கம் லுத்தரன் சபைகள் உண்டு. கத்தோலிக்கர்களும் உண்டு. இவர்கள் எல்லாரும் இயேசு மறுபடி வருவார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறார்கள். ஆனால், ஆட்கள் திடீரென்று மறையும் இரகசிய வருகை இவர்களுடைய அதிகாரபூர்வ போதனையில் இல்லை. ஆகவே, நாவலில் வருவதை 'கிறிஸ்தவர்கள் எல்லாரும் நம்புவது' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேதி குறிப்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஹரோல்ட் கேம்பிங் என்ற அமெரிக்க ரேடியோ பிரசங்கியார், 2011 மே 21-ம் தேதி வருகை என்று அறிவித்தார். உலகம் முழுக்க விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். அதை நம்பிச் சேமிப்பைச் செலவழித்தவர்கள் உண்டு. மே 22-ம் தேதி வழக்கம்போல விடிந்தது. அந்த நாளும் நேரமும் யாருக்கும் தெரியாது என்று மத்தேயு 24-ம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கும்போது, பிரசங்கியாருக்கு மட்டும் தேதி எங்கிருந்து கிடைக்கும்? உங்கள் வாட்ஸ்அப்புக்கு அப்படி ஏதாவது ஃபார்வேர்டு வந்தால், அனுப்பியவரிடம் அன்பாகக் கேளுங்கள்.

அப்படியென்றால் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம், வயது வந்தவர்கள். ஆங்கிலம் எளிமையானது. கல்லூரி மாணவர்களுக்குச் சிரமம் இருக்காது. முதல் பாதிக்காகவும் ப்ரூஸ் பார்ன்ஸுக்காகவும் படியுங்கள். இரண்டாம் பாதி கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். அடுத்த 15 புத்தகங்களையும் படிக்க வேண்டுமா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நான் முதல் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

விசுவாசமும் சஸ்பென்ஸும் கடைசிப் பக்கம் வரை கைகோத்துப் போகும் நாவல் வேண்டுமென்றால், கிரஹாம் க்ரீன் 1940-ல் எழுதிய 'தி பவர் அண்ட் தி க்ளோரி' படியுங்கள். மெக்ஸிகோவில் பாதிரியார்களை அரசாங்கம் வேட்டையாடிய காலம். தப்பி ஓடும் ஒரு பாதிரியார். குடிகாரர், ஒரு குழந்தைக்கு ரகசியத் தகப்பன். எல்லையைத் தாண்டினால் உயிர் பிழைக்கலாம். ஆனால், சாகக் கிடக்கும் ஒருவன் கடைசி ஜெபத்துக்காகக் கூப்பிடுவதாகத் தகவல் வருகிறது. அது பொறி என்று அவருக்கே தெரியும். போவாரா, மாட்டாரா? உலகம் அழியாமலேயே நம் கை நடுங்கும்.

பிள்ளைகளுக்கு இந்தத் தொடரின் சிறுவர் புத்தகங்களை வாங்கிக் கொடுக்க நினைத்தால், முதலில் நீங்கள் ஒன்றைப் படித்துப் பாருங்கள். அந்தக் கதையில் தனியாக விடப்படுவது பள்ளி வயதுப் பிள்ளைகள். உங்கள் பிள்ளையின் மனசு உங்களுக்குத்தான் தெரியும். கூட உட்கார்ந்து படித்தால், பயந்த இடத்தில் பேசிக்கொள்ளலாம்.

மகனின் கேள்விக்குத் தோழி என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைங்கள விட்டுட்டு யாரும் எங்கேயும் போக மாட்டாங்கடான்னு சொன்னேன்" என்றாள். அதோடு நிற்கவில்லை. வீட்டில் மாட்டியிருக்கும் வசனக் காலண்டரில், தனக்கு வேலை முடிய லேட்டாகும் நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறாள். எத்தனை மணிக்கு வருவாள், சாவி யாரிடம், எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஸ்கூல் விட்டு வந்ததும் அவன் முதலில் பார்ப்பது அந்தக் காலண்டரைத்தானாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் கதைக்குப் பயப்படுகிறார்கள்? இன்று சாயங்காலம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.